மூன்று குடும்பம், ஒரு கூரை: வடாற்காட்டுச் சேரிச் சபைகளைப் பற்றி ஒரு குறிப்பு

ஆம்பூரில் "கன்கார்டியா" என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் அந்தப் பள்ளிக்கூட வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், "அது வெள்ளக்காரங்க வச்ச பேரு"ங்கிறதோட பேச்சு முடிஞ்சுடும். லத்தீனில் அதற்கு இணக்கம் என்று பொருள். 1580இல் ஜெர்மனியில் தொகுக்கப்பட்ட லூத்தரன் விசுவாச அறிக்கைகளின் நூலுக்கும் அதே பெயர். அந்த வழியில் வந்த மிசௌரி லூத்தரன் சபையார், உலகத்தில் எங்கே போய்ப் பள்ளி கட்டினாலும் கன்கார்டியா என்று பெயர் வைப்பது வழக்கம்.

அப்படி ஒரு கன்கார்டியா அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், செல்மா என்ற ஊரில் இருந்தது. 1965இல் கறுப்பின மக்கள் வாக்குரிமை கேட்டு நடந்துபோய்ப் பாலத்தில் அடிவாங்கினார்களே, அதே செல்மாதான். அங்கே 1922இல் தொடங்கிய பள்ளி பிறகு கல்லூரியாகி, 2018இல் மூடப்பட்டது. கறுப்பினக் கிராமத்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்க எழுந்த இடம் அது. ஆம்பூர் பள்ளிக்கும் அதற்கும் மூலவேர் ஒன்றே.

இந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டுதான் நான் கொஞ்ச நாளாக வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துக் கிராமத்துச் சபைகளின் கதையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். வேலூர் என்றாலே எல்லாருக்கும் சி.எம்.சி. ஆஸ்பத்திரி ஞாபகம் வரும், ஐடா ஸ்கடர் அம்மையார் ஞாபகம் வரும். அந்தப் பெரிய கட்டடங்களுக்கு முன்னாலேயே, சேரிக்குள் மண்சுவரும் கூரையுமாக எழுந்த ஜெபக்கூடங்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அங்கே கூடியவர்கள் அமெரிக்கக் கறுப்பினக் கிராமச் சபைகளோடு வைத்துப் பார்க்க வேண்டியவர்கள் என்பது என் எண்ணம். ஒற்றுமைகள் நிறைய உண்டு. ஒரு பெரிய வேற்றுமையும் உண்டு. அது பட்டா யார் பெயரில் இருந்தது என்பது.

இரண்டு அமெரிக்கச் சபைகள்

முதலில் யார் யார் வந்தார்கள் என்று பார்த்துவிடலாம்.

ஜான் ஸ்கடர் என்ற அமெரிக்க மருத்துவர் 1819இல் இலங்கைக்குப் புறப்பட்டார். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பல ஆண்டு இருந்து, பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய பிள்ளைகள் ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப் மூவரும் சேர்ந்து 1853இல் ஆற்காடு மிஷனை அமைத்தார்கள். நியூயார்க், நியூஜெர்சி பக்கத்து டச்சு சீர்திருத்தச் சபை இவர்களுடைய தாய்ச்சபை. இராணிப்பேட்டை, ஆரணி, வேலூர், சித்தூர், செஞ்சி, திண்டிவனம் என்று இவர்கள் வட்டாரம் விரிந்தது. 1866இல் சைலஸ் ஸ்கடர் இராணிப்பேட்டையில் ஆஸ்பத்திரி திறந்தார்.

மேற்கே கிருஷ்ணகிரியில் 1895இல் நேத்தர், மோன் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் மிசௌரி லூத்தரன் மிஷனைத் தொடங்கினார்கள். அங்கிருந்து அது ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் பக்கம் இறங்கியது. ஆம்பூரின் பெதஸ்தா ஆஸ்பத்திரியும் கன்கார்டியா பள்ளியும் அந்த வழியில் வந்தவை.

இந்த இரண்டு சபைகளுக்குமே தங்கள் சொந்த நாட்டில் கறுப்பின மக்களோடு ஒரு பழைய கணக்கு இருந்தது. நியூயார்க் மாநிலத்தில் அடிமையாகப் பிறந்து, பின்னால் நாடு முழுக்கப் பேசிய சோஜர்னர் ட்ரூத்துக்குத் தாய்மொழி ஆங்கிலம் இல்லீங்க, டச்சு. அவரை வைத்திருந்த ஹார்டன்பர்க் குடும்பம் டச்சுக் குடும்பம். அந்தக் குடும்பத்து உறவுக்காரர் ஒருவர் டச்சு சீர்திருத்தச் சபையின் குரு. அந்தச் சபை தொடங்கிய கல்லூரிக்கு, இன்றைய ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்கு, முதல் தலைவரும் அவரே. நியூயார்க்கில் அடிமைமுறை முழுசாக ஒழிந்தது 1827இல். அதற்கு 26 வருடம் கழித்து அதே சபையின் காணிக்கைப் பணம் ஆற்காட்டுச் சேரிக்கு வந்தது.

மிசௌரி சபை சேர்ந்திருந்த லூத்தரன் கூட்டமைப்போ 1877இல் விடுதலை பெற்ற கறுப்பினத்தவரிடையே வேலை தொடங்க முடிவு செய்தது. அந்த வருடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வரும்.

சேரியில் இருந்தவர்கள்

1843இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு சட்டம் போட்டது. இனிமேல் ஒரு மனிதனை அடிமை என்று சொல்லி யாரும் நீதிமன்றத்தில் உரிமை கேட்க முடியாது என்றது அது. அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிவதற்கு 22 வருடம் முந்தியது. காகிதத்தில் நாம்தான் முன்னால்.

ஊரில் என்ன மாறியது? வடாற்காட்டுச் சேரிகளில் இருந்த பறையர் குடும்பங்களில் பெரும்பாலானவர்கள் படியாட்கள். கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய கடனுக்காகத் தகப்பன் வேலை செய்வான், அவனுக்குப் பின் மகன் செய்வான். கூலி தானியமாக அளந்து கொடுக்கப்படும். இதைவிடப் பெரிய கட்டு ஒன்று இருந்தது. குடியிருக்கும் மனையே பல இடங்களில் ஆண்டையின் பிடியில்தான். வேலைக்கு வரமாட்டேன் என்று சொன்னால் மறுநாள் குடிசை இருக்காது. நிலம் இல்லாதவன் என்றுதான் பொதுவாகச் சொல்கிறோம். நிற்க இடம் இல்லாதவன் என்பதுதான் சரி.

அமெரிக்கத் தெற்கிலும் இதே கதைதான். 1865 ஜனவரியில் ஜெனரல் ஷெர்மன் கடற்கரையோர நிலத்தை 40 ஏக்கர் வீதம் விடுதலையானவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க உத்தரவு போட்டார். அந்த வருடம் முடிவதற்குள் ஜனாதிபதி ஜான்சன் அதைத் திருப்பிப் பழைய முதலாளிகளிடமே கொடுத்துவிட்டார். பழைய அடிமை, அதே நிலத்தில் வாரத்துக்கு உழுபவன் ஆனான். கடை பாக்கி அவனைக் கட்டிப்போட்டது.

மூன்று குடும்பம் என்ற விதி

ஆற்காடு மிஷன்காரர்கள் ஆரம்பத்தில் சந்தையிலும் தெருமுனையிலும் நின்று பிரசங்கம் செய்தார்கள். ஒன்றிரண்டு பேர் வந்தார்கள். 1860களில்தான் சேரியிலிருந்து கூட்டமாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அப்போது மிஷன் ஒரு விதி வைத்தது. ஒரு கிராமத்தில் குறைந்தது மூன்று குடும்பங்கள் சேர்ந்து வந்து ஒப்புக்கொண்டால்தான் அந்த ஊரை ஏற்பார்கள். விக்கிரகங்களை விட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் அனுசரிக்க வேண்டும், தானாகச் செத்த மாட்டின் இறைச்சியைத் தின்னக் கூடாது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது மதக் கட்டளை மாதிரி தெரியும். அன்றைய சேரியில் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஞாயிறு ஓய்வு என்றால் வாரத்தில் ஒரு நாள் ஆண்டையிடம் "வரமாட்டேன்" என்று சொல்வது. படியாளின் வாழ்க்கையில் அப்படி ஒரு வார்த்தையே கிடையாது. விக்கிரகத்தை விடுவது என்றால் ஊர்த் திருவிழாவில் பறை அடிக்கப் போகாமல் இருப்பது.

மூன்றாவது நிபந்தனைதான் நம்ம தோல் பூமியில் முக்கியம். பல ஊர்களில் செத்த மாட்டை அப்புறப்படுத்துவது சேரியின் கடமை. இறைச்சி அதற்குக் கூலி மாதிரி. 19ஆம் நூற்றாண்டில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டனுக்குப் போக ஆரம்பித்தது. வாலாஜாப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் தோலால் வளர்ந்தன. தோலுக்கு விலை ஏறிய காலத்தில், உரித்தவன் கையில் நின்றது நாற்றமும் இழிபெயரும். அவன் "இனி தின்னமாட்டேன்" என்று சொன்னால் அடுத்த வார்த்தை "இனி தூக்கமாட்டேன்" என்பது ஆண்டைக்குத் தெரியும். 1927இல் மகாடில் அம்பேத்கர் தம் மக்களிடம் செத்த மாட்டிறைச்சியை விடச் சொன்னார். அதே முடிவை எடுத்த வடாற்காட்டுக் குடும்பங்கள் அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முந்தியவை.

ஏன் மூன்று குடும்பம்? ஒற்றை ஆள் மதம் மாறினால் சொந்தமும் போகும், வேலையும் போகும், பெண் கொடுக்கவும் எடுக்கவும் ஆள் இருக்காது. மூன்று குடும்பம் என்றால் ஒருத்தர் அடுப்பு அணைந்தால் இன்னொருத்தர் நெருப்பு கொடுப்பார். இது மிஷன் கண்டுபிடித்த தத்துவம் என்று நான் நினைக்கவில்லை. சேரி மக்களே கூட்டமாகத்தான் வந்தார்கள், தனியாக வந்தால் தாங்காது என்று அவர்களுக்குத் தெரியும். மிஷன் அதை எழுதி வைத்தது, அவ்வளவுதான்.

1877

1876 முதல் 1878 வரை தாதுவருடப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் செத்தவர்கள் பல லட்சம். நிவாரண வேலைக்கு வருகிற ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் 1877இல் கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. நாள் முழுக்க கல் உடைப்பவனுக்கு.

வடாற்காடு கடுமையாக அடிபட்ட ஜில்லாக்களில் ஒன்று. ஐடா ஸ்கடர் அப்போது சின்னக் குழந்தை. பசித்து வந்த பிள்ளைகளுக்குத் தன் கையால் ரொட்டி பிட்டு ஊட்டியதைப் பிற்காலத்தில் அவர் சொல்வதுண்டு. இந்தப் பஞ்சத்துக்குப் பின்தான் ஆற்காடு மிஷனில் ஊர் ஊராகச் சேர்ந்தார்கள்.

இதை வைத்துத்தான் "சோத்துக்கு மதம் மாறினவங்க" என்ற வசை வந்தது. இன்றும் கேட்கிறோம். நான் இதற்குப் பதில் சொல்லக் கூச்சப்படுவதில்லை. பசித்தவன் சோறு போட்ட இடத்துக்குப் போனான், அதில் என்ன வெட்கம்? பல குடும்பங்கள் மழை வந்ததும் திரும்பிப் போய்விட்டன. நின்றவர்களைப் பற்றித்தான் கேட்க வேண்டும். கஞ்சித்தொட்டி மூடிய பிறகும் அவர்கள் ஏன் நின்றார்கள்? நின்றதால் வந்ததெல்லாம் வேலை மறுப்பு, கிணற்றில் தண்ணீர் மறுப்பு, பொய் வழக்கு. சோற்றுக்காக வந்தவன் இதையெல்லாம் தாங்கிக்கொண்டு இருக்கமாட்டான்.

அதே 1877இல் அமெரிக்காவில் கென்டக்கியிலிருந்து விடுதலை பெற்ற கறுப்பினக் குடும்பங்கள் கான்சாஸ் புல்வெளிக்குப் போய் நிக்கோதேமு என்று ஒரு ஊரை உண்டாக்கினார்கள். பெயர் எங்கிருந்து வந்தது என்பதில் அவர்களுக்குள்ளேயே பேச்சு உண்டு. மரம் இல்லாத நாடு. முதல் குளிர்காலத்தைத் தரையில் குழி தோண்டி அதற்குள் கழித்தார்கள். அந்தப் பக்கம் வேட்டைக்கு வந்த ஓசேஜ் பழங்குடியினர் உணவு கொடுத்ததாக அந்த ஊர் நினைவு சொல்கிறது. வீடு சரியாக அமையும் முன்பே ஜெபம் தொடங்கிவிட்டது. பிறகு சபைகளும் பள்ளிக்கூடமும் வந்தன. 1888இல் ரயில்பாதை அந்த ஊரை ஒதுக்கிவிட்டுப் போனது, ஊர் தேய்ந்தது. இன்று அங்கே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள். ஆனாலும் ஒவ்வொரு ஜூலை கடைசியிலும் எங்கெங்கோ போன பேரப்பிள்ளைகள் திரும்பிவந்து கூடுகிறார்கள்.

படிக்கும்போது எனக்கு நம்ம ஊர் அறுப்புப் பண்டிகைதான் ஞாபகம் வந்தது. சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பவர்கள் அன்றைக்கு மட்டும் வந்து, காய்கறியும் கோழியும் ஏலம் எடுத்து, அசனம் சாப்பிட்டு, தாத்தா கல்லறைக்கு ஒரு மாலை போட்டுவிட்டுப் போவார்கள்.

கூரைக்குள் நடந்தது

அந்த ஜெபக்கூடம் எப்படி இருந்திருக்கும்? மண்சுவர், பனையோலைக் கூரை, சாணி மெழுகிய தரை. ஞாயிறு அது கோயில். திங்கள் முதல் அது பள்ளிக்கூடம். ராத்திரி பெரியவர்கள் கூடிப் பஞ்சாயத்து பேசும் இடமும் அதுவே.

அதை நடத்தியவர் துரை இல்லை. துரை மாதத்துக்கு ஒருமுறை மாட்டுவண்டியிலோ குதிரையிலோ வருவார். நாள்தோறும் அங்கே இருந்தவர் உபதேசியார். அவரே வாத்தியார், அவரே மனு எழுதுபவர், தாசில்தார் கச்சேரிக்குக் கூடப்போகிறவர். அவர் மனைவி பெண்பிள்ளைகளுக்குத் தையலும் எழுத்தும் சொல்லிக்கொடுப்பார். வீட்டில் சோறு பொங்கும்போதெல்லாம் பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அது காணிக்கை. பிடியரிசி என்று பெயர். ஓட்டுக்கூரை போட்ட கோயில்களுக்குப் பின்னால் எத்தனை கலயம் அரிசி இருக்கும் என்று யாரும் கணக்கெழுதவில்லை.

அலபாமாவில் ரோசா யங் என்ற பெண்ணின் கதை இதற்கு அப்படியே ஒத்துப்போகும். 1890இல் ரோஸ்பட் என்ற கிராமத்தில் பிறந்தவர், ஏ.எம்.இ. என்ற கறுப்பினச் சபையின் போதகர் மகள். 1912இல் சொந்த ஊரில் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1914இல் பருத்தியைக் காய்ப்புழு மாதிரி ஒரு வண்டு அழித்தது. சனங்களால் சம்பளம் கட்ட முடியவில்லை, பள்ளி மூடும் நிலை. பூக்கர் டி. வாஷிங்டனுக்குக் கடிதம் போட்டார். லூத்தரன்களிடம் கேட்டுப் பாருங்கள் என்று பதில் வந்தது. அவர்கள் வந்தார்கள். 1916இல் ரோஸ்பட்டில் லூத்தரன் சபை எழுந்தது, அதைத் தொடர்ந்து அந்தப் பகுதியில் பல சபைகள். செல்மா கன்கார்டியா அந்த வரிசையில் பிறந்தது.

கவனியுங்கள், அங்கேயும் கேட்டது அந்த ஊர்ப் பெண்தான். பள்ளி முதலில், சபை பிறகு. நம்ம சேரிகளிலிருந்து மிஷனிடம் போன மனுக்களிலும் முதல் கேள்வி பெரும்பாலும் "எங்களுக்கு ஒரு வாத்தியார் தருவீர்களா" என்பதுதான்.

பட்டா யார் பெயரில்

இனி அந்த வேற்றுமைக்கு வருகிறேன்.

ரோசா யங்கின் தகப்பனார் சபையான ஏ.எம்.இ.யை நிறுவியவர் ரிச்சர்ட் ஆலன், அடிமையாகப் பிறந்தவர். பிலடெல்பியாவின் வெள்ளையர் கோயிலில் ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பினத்தவரை முழங்காலிலிருந்து இழுத்து எழுப்பியதால் வெளியேறி, தனிக் கோயில் கட்டினார். அந்தக் கட்டடத்தின் மேல் வெள்ளையர் சபை உரிமை கொண்டாடியபோது வழக்காடினார். 1816இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது. அதே வருடம் ஏ.எம்.இ. தனிச் சபையாயிற்று. நிலமும் கட்டடமும் கும்பிடுகிறவர்கள் பெயரிலேயே இருந்தன. இதனால்தான் பிற்காலத்தில் அந்தக் கட்டடங்களில் வாக்குரிமைக் கூட்டம் நடத்த முடிந்தது. யாரும் பூட்டு போட முடியாது.

நம்ம பக்கம்? சேரிக்கு மனை வாங்கிக்கொடுக்கவும் தரிசு நிலத்துக்கு மனு போடவும் மிஷன்கள் உண்மையாகவே உழைத்தன. செங்கல்பட்டு ஜில்லாவில் ஸ்காட்லாந்துப் பிரீ சர்ச்சைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ 1890களில் தரிசு நிலம் வாங்கி மெல்ரோசாபுரம் என்று ஒரு குடியேற்றத்தையே உண்டாக்கினார். அதே ஜில்லாவின் கலெக்டர் டிரமன்ஹீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையும் இந்த மிஷனரிகளின் நச்சரிப்பும் சேர்ந்துதான் 1892 அரசாணையைக் கொண்டுவந்தன. நாம் பஞ்சமி நிலம், டி.சி. நிலம் என்று சொல்வது அதைத்தான். பத்து வருடம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டவருக்கு மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனை. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று பொதுவாகச் சொல்லப்படும். அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் என்று கேட்கப் போனவர்கள்மேல் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. காரணை நிலத்துக்காக நின்று செத்தவர்கள் இருவர்: ஜான் தாமஸ், ஏழுமலை. ஒரே நிலத்துக்கு ஒரு கிறிஸ்தவப் பெயரும் ஒரு இந்துப் பெயரும்.

ஆனால் மிஷன் வாங்கிய கோயில் மனையும் பள்ளி நிலமும் குடியேற்ற நிலமும் பெரும்பாலும் மிஷன் பெயரிலேயே பதிவாயின. சனங்கள் பெயரில் எழுதினால் கடன்காரன் பிடுங்கிவிடுவான் என்று காரணம் சொன்னார்கள். அந்த பயம் பொய்யில்லை. வெள்ளைக்காரர் போனபோது அந்தச் சொத்துகள் டிரஸ்டுகளுக்குப் போயின. ஆற்காடு மிஷன் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும் 1947இல் சி.எஸ்.ஐ.யிலும் சேர்ந்தன. ஆம்பூர்ப் பக்கத்துச் சபைகள் 1958இல் இந்திய சுவிசேஷ லூத்தரன் சபை ஆயின. ஆண்டையின் மனையிலிருந்து எழுந்துவந்த குடும்பம், துரையின் மனைக்கு வந்து, பிறகு டிரஸ்டின் மனையில் நிற்கிறது. பிடியரிசி போட்டவர்களின் பேத்தி, கோயில் பக்கத்தில் ஒரு அறை கட்ட வேண்டுமென்றால் எங்கோ இருக்கும் ஆபீசில் அனுமதி கேட்க வேண்டும். நிற்க இடம் கிடைத்தது உண்மை. அந்த இடம் நம்முடையது ஆனதா என்றால், பாதிதான் ஆனது.

ரயிலேறியவர்கள், தோல் ஷாப்புக்குப் போனவர்கள்

நிலம் கைக்கு வராதவர்கள் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். 1880களில் கோலார் தங்கவயல் ஜான் டெய்லர் கம்பெனியின் கையில் வளர்ந்தபோது, குழிக்குள் இறங்கியவர்களில் பெரும்பகுதி வடாற்காட்டுச் சேரி மக்கள். ஜோலார்பேட்டை, பங்காருப்பேட்டை வழியாக மாரிக்குப்பம். லைன் வீட்டில் குடித்தனம், ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சபை. அங்கிருந்து வந்த பணத்தில்தான் இங்கே பல கூரைகள் ஓடாயின. என் அம்மா வழித் தாத்தாவும் சாம்பியன் ரீஃபில் இருந்தவர்தான்.

மற்றவர்கள் தோல் ஷாப்புக்குப் போனார்கள். செத்த மாட்டைத் தூக்கமாட்டேன் என்று சொன்னவரின் பேரன் சுண்ணாம்புக் குழியில் இறங்கினான். இது தோல்வியா? அப்படிச் சொல்ல மாட்டேன். இவனுக்குக் கூலி காசாக வந்தது, சங்கம் வந்தது. அவன் பேத்தி ஆம்பூரில் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறாள். ஆனால் தோல் ஷாப் கழிவு பாலாற்றுப் படுகையை என்ன செய்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கணும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுசாகவோ பாதியாகவோ கெட்டுப்போனதைச் சொல்கிறது. கஷ்டப்பட்டு வாங்கிய துண்டு நிலத்துக் கிணற்றிலும் உப்பு ஏறியது.

ஞானஸ்நானப் புத்தகமும் சாதிச் சான்றிதழும்

1950இல் வந்த ஜனாதிபதி ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திருத்தினார்கள். கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இல்லை. மூன்று குடும்பம் சேர்ந்து கையெழுத்து வைத்த அந்தப் பழைய முடிவு, நூறு வருடம் கழித்துப் பேரப்பிள்ளையின் சான்றிதழில் வந்து நின்றது.

இந்தச் சட்டத்தின் இரண்டு முக்கிய வழக்குகளுமே நம்ம கதையின் ஆட்களைப் பற்றியவை. தங்கவயல் தனித்தொகுதியில் 1967இல் ஜெயித்த ராஜகோபால் கிறிஸ்தவராகியிருந்தார் என்று சொல்லி அவர் தேர்தலை உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. 1972இல் மறுபடி ஜெயித்தார். தாய்மதம் திரும்பிய அவரைச் சாதியார் ஏற்றுக்கொண்டார்கள், ஆகவே அவர் ஆதிதிராவிடரே என்று 1975இல் அதே நீதிமன்றம் சொன்னது. போகும்போது சாதி போய்விடும், வரும்போது திரும்ப வந்துவிடும்!

இன்னொருவர் சூசை. சென்னை மவுண்ட் ரோடு ஓரத்தில் செருப்புத் தைத்தவர். தெருவோரத் தொழிலாளிகளுக்கு அரசாங்கம் இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. இவர் கிறிஸ்தவர் என்பதால் கிடைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அதே ஊசியால் அதே தோலைத் தைத்த இந்து தொழிலாளிக்குக் கிடைத்தது. 1985இல் உச்ச நீதிமன்றம், மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்று நிரூபிக்கவில்லை என்று மனுவைத் தள்ளியது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத நிபந்தனையை நீக்கச் சொன்னது. 2022இல் பாலகிருஷ்ணன் ஆணையம் அமைத்தார்கள்.

எங்க குடும்பத்திலேயே பெரியப்பா வீட்டில் இந்து ஆதிதிராவிடர், எங்க வீட்டில் கிறித்துவ ஆதிதிராவிடர். பெரியப்பா பிள்ளைகள் எஸ்.சி., நாங்கள் பி.சி. ஒரே தாத்தா, ஒரே காலனி. ஊர்த்தெருக்காரர் எங்களை வித்தியாசமாக நடத்தியதாக எனக்கு ஞாபகம் இல்லை. சபைக்குள்ளும் சாதி சாகவில்லை. தமிழ்நாட்டில் சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் ஊர்கள் இன்றும் உண்டு.

இதனால் பல குடும்பங்கள் இரண்டு பெயரோடு வாழ்கின்றன. பள்ளிச் சான்றிதழில் ஒன்று, கோயிலில் ஒன்று. வெளியார் இதைப் பித்தலாட்டம் என்பார்கள். நிக்கோதேமுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் கறுப்பினத்தவர் என்பதை எந்த ஞானஸ்நானமும் மாற்றாது என்று அமெரிக்க அரசாங்கத்துக்குத் தெரியும். நம்ம அரசாங்கம் தண்ணீர் தெளித்தால் சாதி கரைந்துவிடும் என்று நம்புகிறது.

இதனால் ஆராய்ச்சிக்கும் நஷ்டம். தங்கள் சபை வரலாற்றை எழுதிவைத்தால் பிள்ளையின் சான்றிதழுக்கு ஆபத்து வருமோ என்று பயந்து பெரியவர்கள் பேச மறுக்கிறார்கள். ஆதாரம் இருந்தும் மௌனம். ஆகவே நான் யாரிடமும் பெயர் கேட்பதில்லை. கட்டடத்தைப் பற்றி மட்டும் கேட்கிறேன். கூரை எந்த வருடம் ஓடாச்சு, முதல் உபதேசியார் எந்தப் பக்கத்துக்காரர், மணி எங்கிருந்து வந்தது, மனைக்குப் பத்திரம் யார் பெயரில் இருக்கு.

உங்க ஊர் சபையில் பழைய மூலைக்கல் இருந்தால், சுண்ணாம்பு அடிக்கிற சாக்கில் அதை மெழுகிவிடுவதற்கு முன்னால் ஒரு படம் எடுத்து வையுங்கள். கல்லறைத் தோட்டத்தில் சாய்ந்து கிடக்கும் கற்களையும்தான். பிடியரிசிக் கலயம் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆற்காடு மிஷனின் அறிக்கைகள் நியூஜெர்சியில் பத்திரமாக இருக்கின்றன. துரைகள் எழுதியது காணாமல் போகாது. போகக்கூடியது இந்தக் கலயமும் கல்லும்தான்.